கோடு போட்டவர் பெயர் எங்கே?

கிராமத்துக் கபடிப் போட்டி நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, போட்டியைத் தொடங்கிவைப்பவர், பரிசு வழங்குபவர் என்று இருபது முப்பது பெயர்கள் படத்தோடு அச்சாகியிருக்கும். முதல் பரிசு யார் உபயம், சுழற்கோப்பை யார் நினைவாக, மைக் செட் செலவு யாருடையது, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கடைசியில் 'இவண்' என்று போட்டு, விழாக் கமிட்டியார், இளைஞர்கள், ஊர்ப் பொதுமக்கள் என்று முடித்துவிடுவார்கள். போட்டியை உண்மையில் நடத்துகிற அத்தனை பேரும் அந்த ஒரு வரிக்குள் போய்விடுகிறார்கள். கபடிக் கழகங்களோடும் போட்டிக் கமிட்டிகளோடும் பல பத்தாண்டுகளாகப் புழங்கியவன் என்ற முறையில் என் கருத்து இது: சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் மேல் நம் கழகங்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் மரியாதை என்றால் மேடையேற்றிச் சால்வை போடுவது என்று மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறோம். யார் எந்த வேலையைச் செய்தார் என்று பெயர் சொல்லி எழுதிவைக்க வேண்டும். அந்த வேலையைப் பற்றிய முடிவில் அவரைக் கேட்க வேண்டும். இது இரண்டும் இல்லாத கழகத்தில் சால்வை எத்தனை போட்டாலும் ஆள் தங்குவதில்லை.

முதலில் வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பார்வையாளருக்கு அது தெரிவதே இல்லை. மண் ஆடுகளக் காலத்தில் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். தரையைக் கொத்தி, கல்லும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி, மண்ணைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கி, கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். 2014-இல் புரோ கபடி தொலைக்காட்சிக்கு வந்தபின் ஊர்ப் போட்டிகளுக்கும் மேட் வந்துவிட்டது. மேட் வந்ததும் வேலை குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதை விரித்துப் பார்க்காதவர்கள். ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளைப் பல்லோடு பல் பொருத்திக்கொண்டே போக வேண்டும்; நூற்றுக்கு மேல் துண்டுகள் ஆகும். எங்காவது ஒரு பல் சரியாக உட்காராமல் தூக்கி நின்றால், ரெய்டருடைய கால் கட்டைவிரல் அதில்தான் போய் மாட்டும். பொங்கலை ஒட்டி நடக்கும் இரவுப் போட்டிகளில் நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கி மேட் முழுக்க ஈரமாகிவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் நாலு பையன்கள் பழைய வேட்டியோடு மண்டி போட்டுத் துடைத்துக்கொண்டே வருவார்கள். மைக்கில் அடுத்த அணியின் பெயர் ஓடிக்கொண்டிருக்கும். துடைக்கிறவன் பெயரை யாரும் சொல்வதில்லை.

எடை போடுவது இன்னொரு வேலை. 55 கிலோ, 65 கிலோ என்று வரம்பு வைத்து நடத்தும் போட்டிகளில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் சங்கடம் அதிகம். முந்தின நாளிலிருந்து சாப்பிடாமல், மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, எச்சில் துப்பித் துப்பி வந்தவன் முந்நூறு கிராம் அதிகம் காட்டுவான். 'கொஞ்சம் கண்டுக்காதீங்கண்ணே' என்று அவனுடைய ஊர்க்காரர்கள் சுற்றி நிற்பார்கள். விட்டுக்கொடுத்தால் மற்ற அணிகள் சண்டைக்கு வரும். விடாவிட்டால் இவர்கள் வருவார்கள். போட்டியின் நியாயம் முழுக்க அந்தத் தராசு முள்ளில் நிற்கிறது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர்கள் என்று விதிப்புத்தகம் ஆள் வைத்திருக்கிறது. அவர்களுக்குப் படியும் உண்டு, சாப்பாட்டு ஏற்பாடும் உண்டு. தராசுக்காரர், மேட் துடைப்பவர், விடியும்வரை விளக்குக் கம்பத்தடியில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவர், தோற்றுப்போன அணியின் கோபத்தை வாங்கிக்கொண்டு வேன் ஏற்றி அனுப்புகிறவர் ஆகியோரை எந்த விதிப்புத்தகமும் அறியாது.

இவர்கள் எல்லோரையும்விட அதிகம் சுமப்பவர் ஒருவர் உண்டு. காவல் நிலைய அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர். ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டால் போட்டி நடத்திவிடலாம் என்றிருந்த காலம் போய்விட்டது. தென் மாவட்டங்களில் அனுமதி மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டு வாங்கி வருவது வாடிக்கையாகிவிட்டது. சாதித் தலைவர் படம் கூடாது, சாதியைக் குறிக்கும் பனியனோ பேனரோ கூடாது, மருத்துவ ஏற்பாடு வேண்டும் என்று நிபந்தனைகளோடுதான் அனுமதி கிடைக்கும். அந்த நிபந்தனைகள் தேவையானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஒரு இளம் வீரர் ஆட்டத்தின் நடுவிலேயே விழுந்து இறந்துபோனார். அதன்பிறகும் ஆம்புலன்ஸ் எதற்கு என்று கேட்கும் கமிட்டி இருந்தால் அது போட்டியே நடத்தக் கூடாது. ஆனால் நிபந்தனை மீறப்பட்டால் போலீஸ் தேடுவது நோட்டீஸில் படம் போட்டவர்களை அல்ல. கையெழுத்துப் போட்டவரைத்தான். அவர் பெரும்பாலும் கழகத்தின் செயலாளராகவோ, அவருக்காக அலைகிற பட்டதாரிப் பையனாகவோ இருப்பார். தன் பெயரில் வழக்கு வரலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போடும் ஆளுக்கு, போட்டி எத்தனை மணிக்கு முடிய வேண்டும், எத்தனை அணிகளுக்கு என்ட்ரி கொடுக்கலாம் என்பதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருக்கிறதா? பல ஊர்களில் இல்லை. பணம் கொடுத்தவர் இன்னும் எட்டு அணியைச் சேர்க்கச் சொன்னால் சேர்த்துவிடுவார்கள். பொழுது விடிந்து வெயில் ஏறிய பிறகும் அரையிறுதி ஓடிக்கொண்டிருக்கும்.

நன்கொடையாளர்களைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் இல்லாமல் போட்டி இல்லை என்பது நிதர்சனம். மேட் வாடகை, மின்விளக்கு, பரிசுத்தொகை, வந்த அணிகளுக்குச் சாப்பாடு என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. நுழைவுக் கட்டணத்தில் அதில் ஒரு மூலையைக்கூட நிரப்ப முடியாது. முன்பெல்லாம் ஆட்டுக்கிடாயும் பித்தளை அண்டாவும் பரிசாக இருந்த இடத்தில் இப்போது ரொக்கம் வந்துவிட்டது. ரொக்கம் வந்ததும் கொடுப்பவருடைய கை ஓங்குவது இயல்பு. ஆகவே கொடுத்தவருக்குச் சால்வை போடுங்கள், படம் போடுங்கள். நம் ஊரில் கோயில் டியூப்லைட்டில்கூட வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெயர் எழுதுகிறவர்கள் உண்டு. அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. எனக்குள்ள வருத்தம் வேறு. ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது விருந்தினர் கார் வந்து நின்றுவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். வியர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்த வீரர்கள் வரிசையில் நிற்க, பத்து நிமிடம் கைகுலுக்கல் நடக்கும். தசை பிடித்துக்கொள்வதும் அதன்பிறகுதான். பணத்துக்கு ஆட்டத்தையே நிறுத்தும் அளவு மரியாதை இருக்கும்போது, உழைப்புக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் கொத்தனாரின் இழந்த கூலியைக் கணக்குப் பார்த்தால், பல நன்கொடைகளைவிட அது பெரிய தொகையாக இருக்கும். வரவு செலவு நோட்டில் அந்த வரவு ஏறுவதே இல்லை.

அரசின் கணக்கிலும் இதே ஓட்டைதான். விளையாடியவருக்கு அர்ஜுனா விருது, பயிற்றுநருக்கு 1985 முதல் துரோணாச்சாரியார் விருது, வாழ்நாள் பங்களிப்புக்கு 2002-இல் தொடங்கி 2023 வரை வழங்கப்பட்ட தியான்சந்த் விருது, விளையாட்டை வளர்க்கும் நிறுவனங்களுக்கு 2009 முதல் ஒரு தேசிய விருது என்று படிப்படியாக வந்தன. வீரர்களுக்கு வேலைவாய்ப்பில் ஒதுக்கீடும் கல்லூரிச் சேர்க்கையில் இடமும் இருக்கின்றன. அதற்கெல்லாம் அடிப்படை ஒரு சான்றிதழ். கல்லூரி மாணவர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் உழைத்தால் அதையும் எண்ணிச் சான்றிதழ் தருகிறது அரசு. உழைப்பை மணிக்கணக்கில் எண்ண முடியும் என்பது அரசுக்குத் தெரிந்த விஷயம்தான். பத்தாவதோடு நின்றுவிட்டு, தன் ஊர்க் கழகத்தில் பதினைந்து வருடம் உழைத்தவனுக்கு மட்டும் எண்ண ஆளில்லை. 2024-இல் தமிழக அரசு 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் 33 வகை விளையாட்டுக் கருவிகள் கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அந்தக் கருவிகள் இருக்கும் அறையின் சாவியை வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து, பந்துக்குக் காற்றடித்து, கிழிந்த வலையைத் தைத்து, இருட்டியபின் எண்ணிப் பூட்டுகிற ஒருவர் இருக்கும் ஊரில்தான் அது திட்டமாக இருக்கிறது. இல்லாத ஊரில் பூட்டிய அறை.

'தொண்டு செய்கிறவன் பெயரை எதிர்பார்க்கலாமா? எதிர்பார்த்தால் அது தொண்டா?' என்பது எப்போதும் வரும் மறுப்பு. கேட்பதற்கு உயர்வாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். உழைப்பவர் எதிர்பார்க்கிறாரா இல்லையா என்பது அவருடைய குணம். எழுதிவைப்பது கழகத்தின் கடமை. இரண்டையும் குழப்பக் கூடாது. எழுதிவைப்பதற்கு நன்றியுணர்ச்சியைத் தவிர நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. ஜெனரேட்டருக்கு எந்தக் கம்பத்தில் ஒயர் கொடுக்க வேண்டும், எந்தக் கடையில் வலை வாடகைக்குக் கிடைக்கும், எந்த ஊர் அணியையும் எந்த ஊர் அணியையும் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கக் கூடாது என்பதெல்லாம் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விட்டால் கழகம் அந்த வருடம் படுத்துவிடும். அவரை நாம் மதித்தோம் என்றால், அவர் தெரிந்துவைத்திருப்பதை ஒரு மதிப்புள்ள பொருளாக எண்ணிக் கேட்டு எழுதியிருப்போம். அவருக்குப் பின்னால் இன்னொருவரைப் பழக்கியிருப்போம். பத்து வருடம் ஒருவரையே ஒரு வேலையில் விட்டுவிட்டு 'அவர் இல்லாமல் நடக்காது' என்று மைக்கில் புகழ்வது மரியாதை ஆகாது. அவருக்கு ஒரு பொங்கலாவது குடும்பத்தோடு உட்கார வழி செய்வதுதான் மரியாதை.

அடுத்த யோசனை, எல்லோருக்கும் ஏதாவது பணம் கொடுத்துவிடலாம் என்பது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பொன் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய ஒரு சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், முன்கூட்டிச் சொல்லப்பட்ட குழந்தைகளுக்குப் படம் வரைவதில் ஆசை குறைந்திருந்தது; எதிர்பாராமல் வாங்கிய குழந்தைகளுக்குக் குறையவில்லை. குழந்தைகளிடம் கண்டதை அப்படியே பெரியவர்கள் மேல் ஏற்றிவிட முடியாதுதான். ஆனாலும் தானாக வந்த ஆசையின் மேல் பேரம் ஏறினால் ஆசை மெலியும் என்பதைக் கழகங்களிலும் பார்க்கிறோம். தராசுக்கு இவ்வளவு, மேட்டுக்கு இவ்வளவு என்று தொகை பேசிய இடங்களில் அடுத்த வருடம் தொகைதான் பேச்சாகிறது. அதற்காக யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பெட்ரோலுக்கும் போனுக்கும் செலவழித்ததைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். அன்றாடங்காய்ச்சியாக இருப்பவர் வேலைக்குப் போகாமல் வந்தால் அன்றைய கூலியைக் கழகம் ஈடுகட்ட வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியருடைய ஓய்வு நேரமும், சித்தாள் வேலைக்குப் போகும் பையனுடைய ஒரு நாளும் ஒன்றல்ல. இதைச் செய்யாத கழகத்தில் கையில் காசிருப்பவர் மட்டும்தான் தொண்டு செய்ய முடியும்.

'இதெல்லாம் எழுதிக்கொண்டிருக்க நாங்கள் என்ன ஆபீசா நடத்துகிறோம்?' என்று கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். கேட்பவர் வீட்டிலேயே மொய் நோட்டு இருக்கும். எந்த விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார் என்று தாத்தா காலத்திலிருந்து ஊர், பெயர், தொகை பிசகாமல் எழுதிவைத்து, அவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்கிற ஊர் இது. அதேபோல ஒரு நாற்பது பக்க நோட்டில் உழைப்பையும் எழுதலாம். தேதி, வேலை, ஆள், எத்தனை மணி நேரம், அடுத்த முறைக்கு அவர் சொல்லும் யோசனை என்று ஐந்து கட்டம் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்த கழகம் என்றால் பொதுக்குழுக் கூட்டி வரவு செலவை வைத்துத்தான் ஆக வேண்டும். அதே கூட்டத்தில் இந்த நோட்டையும் வாசிக்கலாம். நோட்டில் பெயர் இருப்பவர்களில் இருவராவது செயற்குழுவில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாம். கழகப் பணத்தில் ஒருவரைக் கபடி நடுவர் தேர்வுக்கு அனுப்பலாம். தராசில் நின்று நியாயம் பார்த்தவனுக்கு விசில் பிடிக்கும் தகுதி இயல்பாகவே இருக்கும். இன்னொருவரைச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினால் கழகத்துக்கு ஒரு முதலுதவியாளர் கிடைப்பார். அந்தச் சான்றிதழ் நடத்துநர் உரிமம் எடுக்கவும் அவருக்குப் பயன்படும். ஷோகேஸில் தூசி படியும் ஷீல்டை விட இது மேல்.

பெயர் எழுதினால் சண்டை வரும், விட்டுப்போனவன் கோபித்துக்கொள்வான் என்பது இருக்கிற மறுப்புகளில் கொஞ்சம் கனமானது. நம் ஊர்க் கழகங்கள் பல, தெருவின் பெயரிலும் சாதியின் பெயரிலும் பிரிந்தவை என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. மேடையில் யார் பெயர் முதலில், யாருக்கு எந்தத் துணி என்பதில் ஊரின் பழைய வரிசை அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். கோர்ட்டைக் கொத்தியவர்கள் ஒரு தெரு, கோப்பையைக் கொடுத்தவர்கள் இன்னொரு தெரு என்றும் இருக்கும். ஆனால் சண்டை வருவது பெயர் எழுதுவதால் அல்ல, தரவரிசை வைப்பதால். 'இந்த ஆண்டின் சிறந்த தொண்டர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஷீல்டு கொடுக்கும் வழக்கம் இப்போது நகர்ப்புறக் கழகங்களில் பரவி வருகிறது. அதை நான் எதிர்க்கிறேன். ஒருவருக்குக் கிடைத்த அன்று பத்துப் பேர் தாங்கள் கொஞ்சம் குறைவு என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வேலைவாரியாக எழுதிய பட்டியலில் முதலும் கடைசியும் கிடையாது. கோர்ட் தயாரித்தவர்கள் இவர்கள், எடை பார்த்தவர் இவர், விடியும்வரை விளக்கைப் பார்த்தவர் இவர் என்பது செய்தி. அதில் விட்டுப்போனவர் வந்து கேட்டால் சேர்த்துவிடலாம். சிட்னியில் 2000 ஒலிம்பிக்குக்கு உழைத்த தன்னார்வலர்களின் பெயர்களை ஒலிம்பிக் பூங்காவில் நிறுத்திய கம்பங்களில் பொறித்திருக்கிறார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அத்தனை பேரை எழுத அவர்களால் முடிந்தது என்றால், முப்பது பேரை எழுத நமக்கு இடமில்லாமல் போகாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. துணைத்தலைவியாக ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகர்ப் பெண். ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். இருவருக்கும் மாநில அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. அதன்பிறகு பெண் பிள்ளைகளைக் கபடிக்கு அனுப்பும் வீடுகள் கூடும் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனால் ஒரு பெண் பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போக வேண்டுமென்றால், அப்பா அம்மா கேட்கும் முதல் கேள்வி 'கூட யார் போறா?' என்பதுதான். பேருந்தில் கூடவே போய், தங்கும் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்து, வாசற்பக்கம் படுத்துக்கொள்ளும் ஒரு அத்தையோ அக்காவோ இருந்தால்தான் அணியே கிளம்பும். சொந்த ஊரில் போட்டி என்றால் அதே பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். பரிசளிப்பு விழாவுக்கு அவர்களை அழைப்பது குத்துவிளக்கு ஏற்றத்தான். அவர்களுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று கமிட்டி திருப்திப்பட்டுக்கொள்ளும். பெண்கள் அணி எந்தப் போட்டிக்குப் போவது, எங்கே தங்குவது என்ற முடிவை அவர்கள் கையில் கொடுத்திருக்கும் கழகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தப் பொங்கலுக்கும் நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பீர்கள். புரூஃப் வரும்போது தலைமை, முன்னிலை எல்லாம் இருக்கட்டும். பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கும். அங்கே போன வருடம் கோர்ட் போட்டவர்கள், எடை பார்த்தவர், விளக்கு பார்த்தவர், சமைத்தவர்கள், அணிகளோடு போனவர்கள், காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டவர் என்று பெயர்களை வேலையோடு சேர்த்து அச்சடியுங்கள். எந்த அச்சகமும் அதற்குத் தனியாகப் பெரிய காசு கேட்காது. அடிக்கக் கொடுப்பதற்கு முன் அந்தப் பெயர்க்காரர்களை ஒரு சாயங்காலம் உட்காரவைத்து, இந்த வருடம் எத்தனை அணிக்கு என்ட்ரி கொடுக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.